நீங்களும் ஃபாலோ பண்ணுங்க

சாந்தமேரி வீட்டுப் பின்கொடியில் வருஷத்துக்கு இரண்டு தடவை கோட்டு காயும். வெயிலில் இல்லை, நிழலில். எங்கள் கிள்ளான் பக்கத்துப் பண்டமாரான் ஈரத்துக்குக் கம்பளித் துணியில் பூசணம் பிடித்துவிடும் என்று, பிளாஸ்டிக் பையைப் பிரித்து, பாச்சை உருண்டைகளை உதறி, நான்கு கோட்டுகளையும் வரிசையாக மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். முதல் வருஷம் பக்கத்து வீட்டு மாரியாயி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, கரடி வளக்குறீங்களா?" என்று கேட்டாள். அதிலிருந்து எங்கள் வரிசையில் அவற்றுக்குக் கரடிகள் என்றே பெயர்.

நான் எதிர் வீடு. இதில் பாதி என் கண்ணால் பார்த்தது. மீதி அவளும் மாரியாயியும் சொல்லிக் கேட்டது. பொறுமையாகக் கேளுங்கள் பிள்ளைகளா. இதில் சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு வார்த்தைதான்.

சாந்தமேரியும் அவள் புருஷன் திமோத்தியும் ஸ்காட்லாந்தில், அபர்டீன் என்கிற கடலோர ஊரில் பதினாறு வருஷம் இருந்தவர்கள். அவர் எண்ணெய்க் குழாய்களுக்குப் பற்றவைக்கிற பட்டறையில் வேலை பார்த்தார். அவள் முதியோர் இல்லத்தில் கிழவர் கிழவிகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கவைக்கிற வேலை. பிள்ளை இல்லை. கோடையில் அங்கே தங்கும் அறைகளின் வாடகை ஏறிவிடுமாம். அதனால் ஊரே வீட்டுக்குள் முடங்குகிற குளிர்காலத்தில்தான் இவர்கள் இரண்டு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். ஒரு தடவை பனி கொட்டி ரயில் நடுவழியில் ஐந்து மணி நேரம் நின்றுவிட்டது. திமோத்தி மடியிலிருந்த டப்பாவைத் திறந்து, மிளகாய் அரைத்துப் போட்ட சார்டின் மீன் சம்பல் தடவிய ரொட்டியைப் பெட்டியில் இருந்த எல்லோருக்கும் நீட்டியிருக்கிறார். டிக்கெட் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒரு கடி கடித்தார். அடுத்த நிமிஷம் ஜன்னலை இறக்கி, வெளியில் இருந்த பனியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாராம். இதைச் சொல்லும்போது மட்டும் சாந்தமேரி வாய்விட்டுச் சிரிப்பாள்.

அப்படி ஒரு ஜனவரியில், அவள் வேலைக்குக் கிளம்பும்போது வழுக்கிவிடக் கூடாது என்று வாசல்படிப் பனியை மண்வெட்டியால் தள்ளிக்கொண்டிருந்த திமோத்தி, மண்வெட்டியைப் பிடித்தபடியே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

தரை உறைந்து கிடந்ததால் இயந்திரம் வைத்துக் குழி வெட்டினார்கள். தலைமாட்டில் ஒரு மரச் சிலுவை. அதில் பேர்கூட இல்லை, 417 என்று ஓர் எண் மட்டும். மண் இறங்கி அடங்க ஒரு வருஷம் ஆகும், அதற்குப் பிறகுதான் கல் வைக்கலாம் என்று அங்கே வழக்கம். அந்த ஒரு வருஷம் அவளால் இருக்க முடியவில்லை. அண்ணன் செபாஸ்டியன் இங்கிருந்து தினமும் போன் போட்டார். "தனியா அங்க என்னம்மா பண்ணப் போற? வந்துரு. நாங்க இல்லையா?" என்றார். அந்த 'நாங்க இல்லையா'வை நம்பி, நாலு கோட்டோடு ஏப்ரலில் வந்து இறங்கினாள். அடுத்த வருஷம் அண்ணனும் போய்ச் சேர்ந்தார். மிச்சம் இருந்தது அண்ணன் மகன் ஜெயராஜும் அவன் மனைவி பெர்னிஸும். இரண்டு பேரும் பிரிக்பீல்ட்ஸில், புடவைக் கடைகளுக்குப் பின்னால் இருக்கிற ஒரு அடுக்குமாடியில் குடியிருந்தார்கள்.

கல்லை இங்கிருந்தே சொல்லி வைக்க முடியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். திமோத்திக்கு ஓர் ஆசை இருந்தது. கல்லில் தன் பேர் தமிழில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சாந்தமேரி தமிழில் எழுதி அனுப்பினாள். அங்கே கல்வெட்டுகிறவர் கம்ப்யூட்டரில் போட்டு, இப்படிச் செதுக்கலாமா என்று படம் அனுப்பினார். 'தி'யின் சுழி ஒரு பக்கம் நின்றது, 'த' ஒரு பக்கம் நின்றது. 'மோ'வின் கொம்புக்கும் காலுக்கும் நடுவில் புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று. மூன்று முறை திருத்தி அனுப்பியும் எழுத்து ஒட்டவில்லை. பாவம், அவருக்கு அது கோலம் மாதிரிதானே. கடைசியில், நான் நேரில் வந்து பக்கத்தில் நின்று பார்த்த பிறகு செதுக்குங்கள் என்று எழுதிவிட்டாள். இங்கே சொந்தக்காரர்கள் யாருக்கும் இதை அவள் சொல்லவில்லை. பதினாறு வருஷம் அங்கே இருந்துவிட்டுப் புருஷனுக்கு ஒரு கல் வைக்கவில்லையா என்று கேட்பார்கள் என்கிற கூச்சம். எனக்கும் மாரியாயிக்கும் மட்டும் தெரியும்.

திரும்பி வந்தவளுக்கு இந்த ஊர் பழகவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்லுவாள். அவர் ஏதோ பாக்கி கேட்கிறாள் என்று திரும்பிப் பார்ப்பார். பாசாரில் மீன் வாங்க வரிசை எங்கே என்று தேடி நிற்பாள், பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போன பிறகு மீன்காரர், "ஆன்டி, மீன் வேணுமா, வேடிக்கை பாக்குறீங்களா?" என்பார். அங்கே குளிர்காலத்தில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடுமாம். இங்கே மூன்றரைக்குத் தார் இளகுகிற வெயிலில் அவள் ஒரு தடவை வானத்தை அண்ணாந்து பார்ப்பாள். நான் எத்தனையோ நாள் கவனித்திருக்கிறேன். வந்த புதிதில் "எப்படிம்மா இருக்க?" என்று கேட்ட சொந்தபந்தம், ஆறு மாதத்தில் கேட்பதை நிறுத்திவிட்டது.

ஆனால் நவம்பர் பிறந்தால் போன் அடிக்கும்.

நம் ஊரில் யார் கோட்டு வாங்குவார்கள்? வாழ்நாளில் ஒரு தடவை பத்து நாள் போடுகிற துணிக்கு எதற்குச் செலவு என்று, வெளிநாட்டில் இருந்து திரும்பியவர்கள் யார் என்று விசாரித்து அவர்களிடம் இரவல் வாங்குவதுதானே வழக்கம். அப்படிச் சாந்தமேரியின் கரடிகள் கொரியா போயின, ஜப்பான் போயின. கோயில் பாடகர் குழுவில் இருக்கிற ஒருத்தியோடு பெத்லகேம்வரை போயின. "என் கோட்டுக்கு மட்டும் பாஸ்போர்ட் இருந்தா இந்நேரம் பக்கம் தீந்திருக்கும்" என்பாள். திரும்பி வரும் கோட்டுகளின் பைகளில் கையை விட்டுப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. ரயில் டிக்கெட், மிட்டாய்த் தாள், ஏதோ ஊர்ச் சில்லறை என்று கிடைத்ததை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைப்பாள்.

மூன்று கோட்டுதான் ஊர் சுற்றும். நான்காவது, நீல நிறம், தலைமூடியில் ரோமம் வைத்தது, திமோத்தியுடையது. அதை யாருக்கும் கொடுக்க மாட்டாள்.

மாரியாயி ஒரு தடவை கேட்டாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் உறைந்த மீனும் கோழியும் அடுக்குகிற குளிர்கிடங்கில் அவளுக்கு வேலை. உள்ளே இருபது டிகிரி மைனஸ். கம்பெனி ஜாக்கெட் இரண்டு ஷிப்டுக்கும் பொது, முந்தின ஆள் வேர்வை காயும் முன்னே இவள் மாட்ட வேண்டும். "அக்கா, ஒரு கரடியைக் குடுங்க, நானும் தினம் எட்டு மணி நேரம் ஃபாரின் போயிட்டு வரேன்" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். சாந்தமேரியும் சிரித்து மழுப்பிவிட்டாள். மீன் வாடை ஏறினால் போகாதே என்று பிறகு என்னிடம் சொன்னாள். யாரையும் உயர்த்திப் பேச நான் வரவில்லை பிள்ளைகளா. நடந்ததைச் சொல்கிறேன்.

தனியாகவே ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்க் கல்லை வைத்துவிட்டு வந்திருப்பாள். சேமிப்பு இருந்தது. ஆனால் இடது காலில் ரத்தம் கட்டி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்த பிறகு, நீண்ட தூரம் பறப்பதென்றால் துணையில்லாமல் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். துணைக்கு யாரைக் கேட்பது? கேட்டுப் பழக்கமில்லாதவள். காத்திருந்தாள்.

போன வருஷம் செப்டம்பரில், ஜெயராஜின் பிறந்தநாளுக்குப் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். கிள்ளானிலிருந்து ரயில் பிடித்துப் போனாள். ரசம் ஊற்றுகிற நேரத்தில் பெர்னிஸ் தலையை நிமிர்த்தி, டிசம்பரில் ஸ்காட்லாந்து போகப் போவதாகச் சொன்னாள். அபர்டீனில் இரண்டு நாள் என்றும் சொன்னாள். சாந்தமேரிக்குக் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"நீங்களும் ஃபாலோ பண்ணுங்க ஆன்டி" என்றாள் பெர்னிஸ்.

"நானுமா?"

"ஆமா லா. அந்த ஊர்ல இருந்தவங்க நீங்க. நீங்க ஃபாலோ பண்ணாம வேற யாரு பண்ணுவா?"

நம் ஊரில் இந்த வார்த்தைக்கு வேறு பொருள் உண்டா? சின்ன வயதில் அப்பா பாசாருக்குக் கிளம்பினால், "நானும் ஃபாலோ" என்றுதானே காலைக் கட்டிக்கொண்டு அழுவோம்? கோயில் பஸ் ஏற்பாடு செய்கிறவர், "எத்தனை பேர் ஃபாலோ?" என்றுதானே கேட்பார்? கூட வருவதற்கு இங்கே அதுதான் பேச்சு. பதினாறு வருஷம் வெள்ளைக்காரனோடு இருந்தும் சாந்தமேரிக்கு அந்தப் பொருள்தான் நாக்கில் இருந்தது. அன்று ரயிலில் திரும்பும்போது நெடுக அழுதுகொண்டே வந்ததாகச் சொன்னாள். எதிரே இருந்த மலாய்க்காரப் பெண் டிஷ்யூ கொடுத்தாளாம்.

இரண்டு நாள் கழித்து ஜெயராஜுக்குப் போன் செய்து, டிக்கெட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அவன் ஆபீஸ் அவசரத்தில், "அதெல்லாம் பெர்னிஸ் பாத்துட்டா அத்தை" என்று சொல்லி வைத்துவிட்டான். தேதியும் சொன்னான். அவளுக்கு அது போதும். திருப்பித் திருப்பிக் கேட்டால் சந்தேகப்படுகிறாள் என்று நினைப்பார்களோ என்ற பயம் வேறு.

அந்த மூன்று மாதமும் அவளைப் பார்க்க வேண்டுமே. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாள். காலுக்கு இறுக்கமான காலுறை வாங்கிக்கொண்டாள். திமோத்தியின் பேரை வெள்ளைத் தாளில் உள்ளங்கை அகலத்துக்கு, அச்சு மாதிரி எழுதி எழுதிப் பார்த்தாள். 'மோ'வின் கொம்பு சரியாக வரவில்லை என்று என்னை எழுதித் தரச் சொன்னாள். என் கையெழுத்து கோழி கிளறினது, அதையும் வாங்கிக்கொண்டாள். கல்வெட்டுகிறவருக்கு, டிசம்பர் 27 வருகிறேன் என்று எழுதினாள். அது விடுமுறை நாள்தான், ஆனால் உங்களுக்காகக் கடையைத் திறந்துவைக்கிறேன் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை எனக்கு நாலு தடவை படித்துக் காட்டினாள். கோயிலிலும் சொல்லியாகிவிட்டது. மாரியாயி, "அக்கா ஃபாரின் போனா கரடிக்கு யாரு தீனி போடுறது?" என்று கேலி பண்ணினாள்.

புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பிற்பகலில் ஜெயராஜும் பெர்னிஸும் பெர்னிஸின் அம்மாவும் கோட்டு எடுக்க வந்தார்கள். சாந்தமேரி நான்கையும் நாற்காலிகளில் விரித்துவைத்திருந்தாள். சிவப்பு, பெர்னிஸின் அம்மாவுக்கு. பஞ்சு வைத்துத் தைத்தது, பெர்னிஸுக்கு. திமோத்தியின் நீலக் கோட்டை, முதல்முறையாக, ஜெயராஜிடம் நீட்டினாள். மாமா கோட்டைப் போட்டுக்கொண்டு மாமாவிடம் போய் நிற்கட்டும் என்று நினைத்தாள். நான்காவது, கறுப்பு, கணுக்கால்வரை இறங்குகிற அவளுடைய கோட்டு. அதைத் தன் நாற்காலி முதுகில் போட்டிருந்தாள்.

பெர்னிஸ் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டு, கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பி நின்று சொன்னாள்.

"ஆன்டி, அந்தக் கறுப்பையும் தாங்க. எல்லாப் படத்துலயும் ஒரே கோட்டுன்னா பேஜ் பாக்க போரிங்கா இருக்கும்."

"அப்ப நான் எதைப் போட்டுக்கிறது?" என்றாள் சாந்தமேரி.

நான் அப்போது வாசலில்தான் இருந்தேன், பொரித்த வாழைப்பழம் கொண்டுபோயிருந்தேன். உள்ளே மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏன், ஆன்டி எங்க போறீங்க?" என்றாள் பெர்னிஸ்.

 ஜெயராஜின் கண், கூடத்து மூலையில் நின்ற பெட்டிமேல் போய்விட்டது. கைப்பிடியில் அடையாளத்துக்கு ஊதா ரிப்பன் கட்டி, பூட்டுப் போட்டு நின்றது அது. பெர்னிஸும் அதைப் பார்த்தாள். அவள் கெட்ட பெண் இல்லை. முகம் வெளிறிப்போய், "நான் என் பேஜைத்தான் ஃபாலோ பண்ணச் சொன்னேன் ஆன்டி. போன்ல. நாங்க போடுற படத்தையெல்லாம் பாக்கச் சொன்னேன்" என்றாள். அவள் அம்மாதான், "ஐயோ பாவம், கூட வரச் சொன்னதா நெனச்சுட்டாங்களா?" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னாலேயே சாந்தமேரியும் சிரித்தாள்.

"சும்மா சொன்னேன் லா. இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் எங்க போறது? அந்தப் பெட்டியில பழைய துணி, கோயில்ல குடுக்க எடுத்துவச்சிருக்கேன்."

நம் பெண்களின் குணமே இதுதானே. நம்மை ஒருத்தர் அவமானப்படுத்தினால், அவர்களுக்குச் சங்கடமாகிவிடக் கூடாது என்று நாமே அதைத் துடைத்துவிட்டு, டீ போடப் போவோம். அவள் நிஜமாகவே டீ போடப் போனாள். அடுப்படியில் தண்ணீர் கொதித்து அடங்கிய பிறகும் அவள் வெளியே வரவில்லை. ஜெயராஜ் எழுந்து போய், டிக்கெட் எல்லாம் முடிந்துவிட்டது, அடுத்த தடவை கட்டாயம் அழைத்துப் போகிறேன் என்று சொன்னான்.

கறுப்புக் கோட்டையும் மடித்துக் கொடுத்தாள். நீலக் கோட்டின் உள்பையில் ஒரு மெழுகுவர்த்தியும் ஒரு துண்டுத்தாளும் வைத்தாள். தாளில் 417 என்ற எண்ணும் வழியும் இருந்தன.

"பெரிய கேட்டுல நுழைஞ்சு இடது கைப்பக்கம் மூணாவது பாதை, ராஜா. பத்து நிமிஷம் போதும். ஒரு மெழுகுவர்த்தி மட்டும்."

"கண்டிப்பா அத்தை. இதுகூடச் செய்ய மாட்டோமா?"

அவர்கள் கார் திரும்பிப் போன பிறகு, கல்வெட்டுகிறவருக்கு எழுத உட்கார்ந்தாள். இந்த வருஷம் வர முடியவில்லை என்பதற்குமேல் எதுவும் எழுத வரவில்லை. அவர், நீங்கள் எப்போது வந்தாலும் சரி என்று பதில் போட்டார்.

அப்புறம் என்ன செய்தாள் தெரியுமா? ஃபாலோ பண்ணினாள். சொன்ன சொல்லைத் தட்டாதவள் ஆயிற்றே. மாரியாயிதான் போனில் பெர்னிஸின் பேஜைத் தேடி எடுத்து, ஃபாலோ என்கிற எழுத்தின்மேல் அவள் விரலைப் பிடித்து அழுத்தவைத்தாள். தினமும் காலையில் நாங்கள் மூன்று பேரும் அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்ப்போம். கறுப்புக் கோட்டு கோட்டைவாசலில் சுற்றிச் சுழன்றது. சிவப்புக் கோட்டு பனியை உருட்டிப் பொம்மை பண்ணியது. தன் கோட்டு விளிம்பு பனிச்சேற்றில் இழுபடுவதைப் பார்த்துவிட்டு, சாந்தமேரி அடுத்த படத்தைத் தள்ளினாள்.

27ஆம் தேதி அபர்டீன் வந்தது. கிறிஸ்துமஸ் சந்தை, கடற்கரை, சூடான டோனட். வீடியோவில் பெர்னிஸ் பேசிக்கொண்டிருந்தபோது அவளுக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. சாந்தமேரி வீடியோவை நிறுத்தச் சொன்னாள். அது கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நிற்கிற பஸ்ஸாம். திமோத்தியைப் புதைத்த பிறகு வாராவாரம் அவள் ஏறிப்போன பஸ். "அதுல ஏறினா இருபது நிமிஷம்" என்றாள். அதற்கு மறுநாள் படத்தில் வேறு ஊர் வந்துவிட்டது.

"போயிருப்பாங்க" என்று எங்களுக்கு அவளே சமாதானம் சொன்னாள். "கல்லறையெல்லாம் யாராவது படம் போடுவாங்களா?"

மாரியாயி தன் போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஷிப்டுக்குப் போனாள்.

ஜனவரியில் ஜெயராஜ் மட்டும் வந்தான். நான்கு கோட்டும் ஒரு பெரிய பையில் இருந்தன. கூடவே ஒரு டின் பிஸ்கட்டும், பாவாடை கட்டின ஸ்காட்லாந்துக்காரன் படம் போட்டு பிரிட்ஜில் ஒட்டுகிற காந்தமும் கொண்டுவந்தான். குளிர் தாங்க முடியவில்லை, நீங்கள் எப்படித்தான் அத்தனை வருஷம் இருந்தீர்களோ என்று பேசிக்கொண்டே இருந்தான். சாந்தமேரி கோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டுப் பைகளில் கையை விட்டாள். அது அவள் பழக்கம் என்று சொன்னேனே. நீலக் கோட்டின் உள்பைக்குள் போன கை அங்கேயே நின்றது.

மெழுகுவர்த்தி இருந்தது. திரி கருகாமல், புதிதாகவே விரலில் தட்டியது. தாளும் இவள் மடித்த மடிப்பிலேயே இருந்தது. அவள் கையை வெளியே எடுக்கவில்லை.

"மாமாகிட்ட போனியா, ராஜா?"

"போனோம் அத்தை. செம பனி. ஆனா போயிட்டோம். மெழுகுவர்த்தி கொளுத்தினோம்."

அப்போதே விட்டிருக்கலாம். அவள் இன்னொன்று கேட்டாள்.

"கல்லு எப்படி இருக்கு?"

"சுத்தமா இருக்கு அத்தை. மாமா பேரு தெளிவாத் தெரியுது."

"தெளிவாத் தெரியுதா" என்றாள். "சரி."

அவனுக்குக் கட்டிக் கொடுக்க முறுக்குப் பாத்திரத்தைத் திறந்தாள்.  எங்களிடம் மூன்று நாள் கழித்துத்தான் சொன்னாள். அதுவும் அவன் பொய்யைப் பற்றிச் சொல்லவில்லை. "கல்லுன்னு சொன்னப்ப, ஒரு நிமிஷம் எனக்கும் கல்லு இருக்குற மாதிரியே இருந்துச்சு" என்றாள்.

அந்த வாரமே கல்வெட்டுகிறவருக்கு எழுதினாள். தமிழ் வேண்டாம், இங்கிலீஷ் எழுத்தே போதும், நான் வரக் காத்திருக்க வேண்டாம் என்று. ஐந்து வருஷம் பிடித்துவைத்திருந்ததை இரண்டு வரியில் விட்டுவிட்டாள். மே மாதம் கல் நட்டார்கள். படம் வந்தது. சாம்பல் நிறக் கல், அழகாகத்தான் இருந்தது. பேரில் ஒரு கொம்பும் இல்லை, சுழியும் இல்லை.

கோட்டுகளை அந்தத் தடவை அவள் நிழலில் காயப்போடவில்லை. பையோடு தூக்கிக்கொண்டு மாரியாயி வீட்டுக்குப் போனாள். மாரியாயி முதலில் வாங்க மறுத்தாள், மீன் வாடை ஏறிடும்க்கா என்று அவளே சொன்னாள். "ஏறட்டும்" என்றாள் சாந்தமேரி. இப்போது கறுப்பும் சிவப்பும் பஞ்சுக் கோட்டும் மாரியாயியோடு வேலை செய்கிற மூன்று பெண்களிடம் இருக்கின்றன. கறுப்பு நீளம் அதிகம், முழங்காலோடு வெட்டி மடித்துத் தைத்துவிட்டார்கள். நீலத்தை மாரியாயி போடுகிறாள்.

இந்த நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். கிள்ளான் கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. சொந்தக் கல்லறை இருக்கிறவர்கள் அதைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். சொந்தங்களை வேறு ஊரில் புதைத்தவர்கள், தோட்டத்தின் நடுவில் நிற்கிற பெரிய சிலுவையடியில் ஏற்றினார்கள். ஜெயராஜ் தன் அப்பா செபாஸ்டியனின் பளிங்குக் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தான். அத்தையைப் பார்த்ததும் எழுந்து வந்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டான். அப்புறம், பெர்னிஸ் ஜப்பானில் ஹொக்கைடோ போகப் பார்க்கிறாள், நாலு கோட்டும் சும்மாதானே இருக்கிறது என்று கேட்டான்.

"இல்ல ராஜா. எல்லாம் வேலைக்குப் போயிருக்கு."

அவன் புரியாமல் சிரித்தான். சாந்தமேரி கைப்பையிலிருந்து போனை எடுத்து, ஒரு படத்தைத் திறந்து அவனிடம் நீட்டினாள். சாம்பல் நிறக் கல். அவன் வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தான்.

"மாமா கல்லு" என்றாள். "இந்த மே மாசம்தான் வச்சாங்க. அதுக்கு முன்ன அங்க கல்லு கிடையாது. மரச் சிலுவைதான் இருந்துச்சு."

குரலில் கோபம் இல்லை. விலாசம் சொல்கிற மாதிரி சொன்னாள். அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். பிறகு, "அத்தை" என்றான். 

வெளியே சாலையில் ஹாரன் அடித்தது.

"பெர்னிஸ் வெயிட் பண்றா பாரு. போ" என்று சொல்லிப் போனை அவன் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

பெரிய சிலுவையின் அடியில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, அந்த மெழுகுவர்த்தியை எடுத்தாள். ஸ்காட்லாந்துவரை போய்த் திரும்பியது. உள்பையில் மடங்கிக் கிடந்ததில் நடுவில் கொஞ்சம் வளைந்திருந்தது. நேராக நிற்கவில்லை. நான் கையால் பிடித்துக்கொண்டேன், அவள் ஏற்றினாள்.